என் மேலதிகாரியின் தலைமுடி

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தும் என் கண் முதலில் மனிதர்களின் தலைக்குத்தான் போகிறது. லண்டன் வால்தம்ஸ்டோவில் பஸ் ஏறி, மேல்தட்டில் பின் இருக்கையில் உட்கார்ந்தால், முன்னால் தெரியும் தலைகளை எல்லாம் மனத்துக்குள் அளந்துகொண்டே போவேன். இந்த மனுஷனுக்கு நெற்றி ஏறிவிட்டது, வேலை சுலபம். அந்தப் பெண்ணின் கொண்டையை அவிழ்ப்பதற்குள் ஒரு தேநீர் ஆறிவிடும். பக்கத்தில் இருக்கும் என் கணவர் முழங்கையால் இடிப்பார். "இஞ்சேரும், சனத்தின்ர தலையை ஏன் உப்பிடிப் பாக்கிறீர்? பேன் தேடுறீர் எண்டு நினைக்கப் போகினம்."

கிழக்கு லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவு செய்வது என் தொழிலாக இருந்தது. சின்னச் சின்ன உலோகக் கிண்ணங்களைத் தலையில் பசை வைத்து ஒட்டி, அவற்றின் வயர்களை இயந்திரத்தில் செருகினால், மூளை தன் பாட்டுக்குச் செய்கிற வேலை திரையில் கோடு கோடாக ஓடும். அந்தக் கிண்ணங்களை நாங்கள் லீட் என்போம். அண்மையில் பழைய பிரிவில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். லீட்டுகள் எல்லாம் முன்கூட்டியே பொருத்திய தொப்பி ஒன்று வந்திருக்கிறதாம். நீச்சல் தொப்பி மாதிரி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. நாடா வைத்து அளந்த காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று இளம் பிள்ளைகள் கேட்டார்கள். கேக் வெட்டினார்கள், கால் மணி நேரம் தந்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நான் என் மேலதிகாரி கார்லீனின் தலைமுடி வரைக்கும் வந்து சேரவில்லை. அதை விட்டுவிட்டு என் தொழிலைப் பற்றி என்னத்தைச் சொல்வது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குத் தப்பி லண்டன் வந்தபோது என்னிடம் இருந்தது உயர்தர விஞ்ஞானப் படிப்பும், யாருக்கும் விளங்காத ஆங்கிலமும். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றேன். பிறகு ஆஸ்பத்திரியில் பயிலுநர் வேலைக்கு விளம்பரம் பார்த்து, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் விண்ணப்பித்தேன். மாலைக் கல்லூரி, பரீட்சை, பிள்ளைப்பேறு, மறுபடி பரீட்சை, மறுபடி பிள்ளைப்பேறு. அந்த வருஷங்களுக்கு இவ்வளவு போதும்.

கார்லீன் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். பெற்றோர் ஜமேக்காவில் இருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹாக்னி. என்னைவிடச் சில வயது மூத்தவர். கட்டையான உருவம், சத்தமே போடாத சப்பாத்து, தோளைத் தொடாமல் நேராக வெட்டிய வழவழப்பான கறுப்பு முடி. அந்த முடியில் ஓர் இழை இடம் மாறி நான் கண்டதில்லை. அவர் பேசியது லண்டன் ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருஷம் அவர் குரலை மனத்துக்குள் கேட்டுக் கேட்டு, இப்போது அது எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவர் கோபிக்க மாட்டார்.

தலையை அளப்பது சும்மா வேலை இல்லை. மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்தில் நாடாவின் ஒரு நுனி. அதை உச்சி வழியாகப் பின்னுக்குக் கொண்டுபோனால், பிடரிக்கு மேலே எலும்பு சின்னதாகப் புடைத்திருக்கும். அதில் மறு நுனி. அந்தப் புடைப்பைக் கண்ணால் காண முடியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு காதுக்கு முன்னால் இருந்து மறு காதுக்கு முன்னால். இரண்டு கோடும் வெட்டுகிற நடு இடத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு அடையாளம். அங்கிருந்து பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்குப் பார்த்து மற்றப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சீப்பின் வாலால் வகிடு பிரித்து, தோலைத் தெரிய வைத்து, நறநறவென்று இருக்கும் ஒரு ஜெல்லைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெல்லத் தேய்த்து, அதற்கு மேல் பசையோடு லீட்டை வைக்க வேண்டும். இடையில் எண்ணெயோ அழுக்கோ ஸ்ப்ரேயோ வந்தால் திரையில் ஓடுவது மூளை இல்லை, வெறும் இரைச்சல்.

அளவு அரை சென்டிமீட்டர் தவறினாலும் கார்லீன் திட்டமாட்டார். பிழை எங்கே என்றும் சொல்லமாட்டார். நாடாவை எடுத்து எங்கள் கையில் திரும்பத் தருவார். "இன்னொருக்கா." அவ்வளவுதான். என் முதல் குளிர்காலம் முழுக்க அந்த ஒற்றைச் சொல்லிலேயே கழிந்தது. வீட்டில் சோறு குழைந்துபோனால் என் கணவர்கூட தட்டை நீட்டி "இன்னொருக்கா" என்று பகிடி பண்ணத் தொடங்கிவிட்டார்.

பழகும்வரை நோயாளியின் தலையைத் தொட விடமாட்டார்கள். பிரிவில் வேலை செய்கிறவர்கள் முறைவைத்துத் தலை கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர் அந்தப் பெரிய சாய்வுக் கதிரையில் உட்கார, பயிலுநர்கள் சுற்றி நின்று அளப்பார்கள். என் தலைதான் அதிகம் அடிபட்டது. "ராஜியின்ர முடிக்குள்ள தோலைக் கண்டுபிடிச்சால் எந்தத் தலையிலயும் கண்டுபிடிக்கலாம்" என்பார் கார்லீன். டாக்டர்மார்கூட எப்போதாவது உட்கார்ந்தார்கள். கார்லீன் மட்டும் உட்கார்ந்ததே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. அந்த முடியில் பசை பூச யாருக்குத் துணிவு வரும்?

இன்னொரு வழக்கமும் இருந்தது. பதிவு அறையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு கண்ணாடி, மேசையில் ஒரு சிறு கண்ணாடி. கறுப்பினப் பெண்கள் பரிசோதனைக்கு வந்தால், விக்கையோ சவுரியையோ கழற்றச் சொல்வதற்கு முன் கார்லீன் திரைச்சீலையை இழுத்து மூடுவார், மேசைக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்புவார், தொட்டிக் கண்ணாடியில் ஒரு துவாயைத் தொங்கவிடுவார். பிறகுதான் "மெதுவா எடுங்கோ, அவசரமில்லை" என்பார். நான் இதையும் பரிசோதனை முறையின் ஒரு பகுதி என்றே நம்பினேன். மொட்டைத் தலையோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கும் விடாமல் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் தமிழ் ஆட்களின் கதை வேறு. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று ஆஸ்பத்திரி அறிவித்தலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். தமிழிலும் இருக்கும், நான்தான் மொழிபெயர்த்தேன். ஆனாலும் எண்ணெய் வடிய வடிய வருவார்கள். வரவேற்பில் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தவுடன் கார்லீன் கதவால் எட்டிப் பார்ப்பார். "ராஜி, உங்கட ஆக்கள் வந்திருக்கினம்."

ஒருமுறை ஈஸ்ட் ஹாமில் இருந்து ஒரு அக்கா தன் மகளைக் கூட்டிவந்தார். பிள்ளையின் இரட்டைப் பின்னல் பளபளவென்று மின்னியது.

"அக்கா, எண்ணெய் வைக்க வேண்டாம் எண்டு எழுதியிருந்ததெல்லோ?"

"ஓம் பிள்ளை, வாசிச்சனான். அதுதான் கொஞ்சமா வைச்சனான்."

"கொஞ்சமும் கூடாதக்கா."

"ஆஸ்பத்திரிக்கு வாறதெண்டால் பரட்டைத் தலையோடயே வாறது? டொக்டர் என்ன நினைப்பார்?"

தலையைத் தொட்டியில் கழுவி, உலர்த்தி, பிறகுதான் வேலை தொடங்கியது. அந்த அக்கா சொன்னதைக் கார்லீனுக்கு மொழிபெயர்த்தேன். வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளுக்கு அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "என்ர அம்மாவும் இதைத்தான் சொல்லுறவ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. நான் பயிலுநர் நிலை தாண்டி, கார்லீனுக்கு அடுத்த இடத்துக்கு வந்தேன். அப்போதுதான் அவருக்கு மயக்கம் வரத் தொடங்கியது. முதல் தடவை நடைபாதையில் கோப்போடு நின்றவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். சாப்பிடவில்லை என்று சமாளித்தார். அடுத்த தடவை பஸ் தரிப்பில். அதற்கடுத்தது பதிவு அறைக்குள்ளேயே நடந்தது, கதிரையில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கும்போது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விதி விதிதான். காரணம் தெரியும்வரை கார்லீன் நோயாளிகளோடு தனியாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூளையிலா, நெஞ்சிலா கோளாறு என்று பார்க்க டாக்டர் பல பரிசோதனைகள் எழுதினார். நெஞ்சுப் பரிசோதனையில் அன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூளைப் பதிவு மிச்சம் இருந்தது.

கார்லீனை மேசை வேலைக்கு மாற்றினார்கள். அந்தக் கிழமைகளில் எங்கள் பிரிவில் இருந்த பேனைகள் எல்லாம் நிறவாரியாக அடுக்கப்பட்டன. கோப்பு அலுமாரி நாளுக்கு ஒருமுறை குடல் வெளியே எடுக்கப்பட்டது. எல்லோரும் அவர் மேசையைச் சுற்றி நுனிக்காலில் நடந்தோம். ஒரு நாள் தேநீர் கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராஜி, காரணம் பிடிபடாட்டி என்னை இந்த மேசையிலயே விட்டுடுவினம். ஒரு தலையைத் தொடாமல் இந்தக் கட்டடத்துக்க என்னால இருக்க ஏலாது."

பொறுப்பாளருக்கு அவர் பிரிவிலேயே பரிசோதனை செய்வது சரியில்லை என்று வேறு ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போய்வந்தார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. லீட்டுகள் சரியாகத் தொடுகையில் இல்லை, பதிவைப் படிக்க முடியவில்லை, மறுபடி செய்க. தன் வாழ்நாளில் அப்படி ஒரு பதிவைக் கதவு தாண்ட விடாத மனுஷி அதை வாசித்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்காரரின் கையில் கோளாறு என்று நான் கோபமாகச் சொன்னேன்.

"இல்லை, அந்தப் பெடியன் நல்லாத்தான் செய்தவன். என்ர தலையிலதான் பிழை." கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னார். பரிசோதனைக்கு முதல் நாள் சலூனுக்குப் போய், சுருள் முடியை நிமிர்த்தும் ரசாயனக் கிறீம் போட்டிருக்கிறார். பிறந்த முடியின் சுருள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அதைப் போடுவாராம். இந்தத் தடவை தோல் வெந்து, இடத்துக்கு இடம் புண்ணாகிவிட்டது. புண்ணின்மேல் ஜெல்லைத் தேய்க்க முடியாது. தேய்க்காவிட்டால் லீட் பிடிக்காது.

"அறிவித்தலை எழுதினதே நீங்கள்தானே, கார்லீன்!"

"ஓம். எண்ணெய், சவுரி எல்லாம் எழுதினனான். இதை எழுதேல்லை." மேசையில் இருந்த பேனைகளை நேராக்கினார். "ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் ஒழுங்கான தலையோட போக வேண்டாமோ?"

எனக்கு அந்த ஈஸ்ட் ஹாம் அக்காதான் நினைவுக்கு வந்தார். சிரிப்பு வாய்வரை வந்துவிட்டது. கார்லீன் என் முகத்தைப் பார்த்தார், அவருக்கும் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தோம். வெளியே நின்றவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று கதவைத் தட்டினார்கள்.

புண் ஆறும்வரை கிறீம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆனது. அதுவரை கார்லீன் ஒரு விக்கோடு வேலைக்கு வந்தார். அதுவும் நேராக, வழவழப்பாக, பழைய முடியின் தங்கச்சி மாதிரி இருந்தது. இந்தத் தடவை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பதிவு எழுதினார். லீட்டுகளை வலுவான பசையால் ஒட்டி, கையடக்கக் கருவியில் இணைத்து, சில நாட்கள் அதோடேயே உண்டு உறங்க வேண்டும். எங்கேயாவது மயக்கம் வந்தால் அது பதிவில் மாட்டும். ஒரு லீட் கழன்றாலும் வீண். யார் ஒட்டுவது என்று கேட்டபோது, வேறு எங்கும் போகமாட்டேன் என்று கார்லீன் ஒற்றைக்காலில் நின்றார். "ராஜி செய்யட்டும். அவவின்ர கையைப் பழக்கினது நான்."

அன்று காலை நோயாளிகள் வருவதற்கு முன் இரண்டு பேரும் பதிவு அறைக்குள் போனோம். நான் திரைச்சீலையை மூடினேன். மேசைக் கண்ணாடியைத் திருப்பினேன். தொட்டிக் கண்ணாடிக்குத் துவாய் போட்டேன். கார்லீன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் நீர் ஆரிட்டப் பழகினீர்?"

"உங்களிட்டத்தான்."

கார்லீன் விக்கைக் கழற்றி மடியில் வைத்தார். தோல் ஆறியிருந்தது. கிறீம் போட்டு நிமிர்த்திய பழைய முடி நீளமாகத் தொங்க, அடியில் புதிதாக முளைத்தது சூட்டுச் சீப்பால் அழுத்தப்பட்டுப் படிந்து கிடந்தது. முடி முழுக்க ஒரே வறட்சி. "முதல்ல வரி வரியாப் பின்னும். வரிக்கு நடுவில தோல் தெரியும், அதில லீட்டை வைக்கலாம்" என்றார். நான் அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து சீப்பை எடுத்தேன்.

இனி நடந்ததற்கு என் மூளை பொறுப்பில்லை, கை மட்டும்தான் பொறுப்பு. அடிக்கடி கழுவிக் கழுவி என் கை வெடிக்கும் என்பதால் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சிறு போத்தல் தேங்காய் எண்ணெய் இருக்கும். லண்டன் குளிரில் அது வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கும். முன்னால் ஒரு வறண்ட தலை, கையில் சீப்பு, பின்ன வேண்டும். அவ்வளவுதான் என் கைக்குத் தெரிந்தது. போத்தலைத் திறந்து, ஒரு விரல் எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் உருகும்வரை தேய்த்து, கார்லீனின் உச்சியில் வைத்து, அரக்கி அரக்கித் தேய்த்துவிட்டேன். என் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடக் காலம் முழுக்கச் செய்த வேலை. கார்லீன்கூடக் கண்ணை மூடி நன்றாகத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மூக்கைச் சுருக்கினார்.

"ராஜி."

"ம்."

"உங்கட ஆக்கள் ஆரும் வந்திருக்கினமோ?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை பேருக்கு எண்ணெய் வைக்காதே என்று சொன்ன வாய், அதை மொழிபெயர்த்த கை! "ஐயோ கடவுளே, கடவுளே" என்று நான் எழும்பி நின்று தலையில் கையை வைத்தேன். அதனால் என் நெற்றியிலும் எண்ணெய். கார்லீன் கதிரையின் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

வேறு வழி இல்லை. கழுவ வேண்டும். தொட்டிக்குள் தலையைக் குனிய வைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஷாம்பு போட்டு ஒரு முறை, எண்ணெய்ப் பிசுக்குப் போகாததால் மறு முறை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது, குனிந்தபடியே அவர் கதை சொன்னார். சின்ன வயதில் ஞாயிறுதோறும் அம்மா குசினியில் இரும்புச் சீப்பை அடுப்பு நெருப்பில் காய்ச்சி முடியை நிமிர்த்துவாராம். காது சுடும். அசைந்தால் இன்னும் சுடும். அதற்குப் பிறகு கிறீம். கழுவினால் உடனே டிரையரும் சூட்டுச் சீப்பும். ஈரத்தோடு தன் முடியை விட்டுவைத்த நாள் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை என்றார்.

நிமிர்ந்தபோது துடைக்கத் துவாய் வேண்டும். நான் அவசரத்தில் கைக்கு எட்டியதை இழுத்தேன். அது கண்ணாடியில் தொங்கிய துவாய்.

கார்லீன் கண்ணாடியைப் பார்த்தார். தண்ணீர் பட்டதும் அடிமுடி எல்லாம் விழித்துக்கொண்டிருந்தது. தோலில் இருந்து சின்னச் சின்னச் சுருள்களாக, நெருக்கமாக, தலை முழுக்க. அதன் முனைகளில் பழைய நேர்முடி மட்டும் ஈர நூல் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் டிரையரை எடுத்து நீட்டினேன். வாங்கினார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைத் தொட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு சுருளை விரலால் இழுத்துப் பார்த்தார். விட்டதும் அது துள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போனது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் போனது.

"இது இவ்வளவு நாளும் இங்கயே இருந்ததோ?" என்று கேட்டார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

"வடிவாயிருக்கு, கார்லீன்" என்றேன். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே அழகாகத்தான் தெரிந்தது.

அவர் தொங்கிக்கொண்டிருந்த நேர்முடியைக் கொத்தாகப் பிடித்தார். "துணி வெட்டுற கத்தரிக்கோல் எங்க?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் தலைமுடியில் சும்மா கத்தரிக்கோல் வைக்கமாட்டோம். "கார்லீன், பொம்பிளையள் நேர்த்திக்கு முடி குடுக்கிறதைத்தான் நான் கண்டிருக்கிறன்" என்றேன்.

"நேர்த்தி எண்டால் என்ன?"

"கடவுளிட்ட ஒண்டு கேக்கிறது. அது கிடைச்சால் முடியைக் குடுக்கிறது."

அவர் யோசித்தார். வேலை விஷயத்தில் யோசிக்கும் அதே முகம். "நான் கேட்டு எத்தினையோ கிழமையாச்சு. முன்கூட்டியே குடுக்கலாமோ?"

"எங்கட சாமிமார் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"அப்ப வெட்டும்."

கட்டுத்துணி வெட்டும் மொட்டை முனைக் கத்தரிக்கோல் அது. சுருள் எங்கே முடிந்து நேர்முடி எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு கொத்தாக விரலால் தடவிப் பார்த்து வெட்டினேன். பிடரிப் புடைப்பைத் தேடுவது போலவே அதையும் விரல்தான் கண்டுபிடித்தது. ஒரு கொத்தைப் பிடித்தபடி நான் தயங்கியபோது கார்லீன் கண்ணாடி வழியாகவே "அவசரமில்லை" என்றார். வெட்டி முடிந்ததும் தரையில் கிடந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். அவர் சப்பாத்து நுனியால் அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கதிரையில் போய் உட்கார்ந்தார்.

"இனி வேலையைத் தொடங்கும்."

வரி வரியாகப் பின்ன அவசியமே இருக்கவில்லை. குட்டைச் சுருளுக்குள் சீப்பின் வாலை மெல்ல நுழைத்தால் முடி தானாக விலகி நின்று இடம் கொடுத்தது. வழுக்கி மூடவில்லை. என் தலையைவிட நூறு மடங்கு நல்ல தலை. அளந்தேன், அடையாளம் போட்டேன், தேய்த்தேன், நெயில் பாலிஷ் வாடை அடிக்கும் அந்த வலுவான பசையால் ஒவ்வொன்றாக ஒட்டினேன். வழக்கம்போல நெஞ்சிலும் ஒரு லீட். இயந்திரத்தில் பார்த்தால் எல்லா லீட்டும் தொடுகை சரி என்று பச்சை காட்டியது. கார்லீன் திரையை எட்டிப் பார்த்தார். நான் நாடாவைத் திருப்பித் தருவார் என்று காத்து நின்றேன். தரவில்லை. லீட்டுகள் அசையாமல் நான் சுற்றிவிட்ட கட்டுத்துணிக்கு மேல் மஞ்சள் நிறச் சேலைத்துணி போன்ற ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, விக்கைப் பைக்குள் போட்டு, பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

கடவுள் தாமதிக்கவில்லை. மறுநாளே வீட்டுக் குசினியில் மயக்கம் வந்தது. அவர் தங்கை பக்கத்தில் இருந்ததால் அடிபடவில்லை. கருவியைத் திருப்பிக் கொண்டுவந்ததும் டாக்டர் பதிவைப் படித்தார். எல்லாக் கோடுகளும் கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தன. முதலில் நெஞ்சின் கோடு சில விநாடிகள் சும்மா நேராகப் படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மூளையின் கோடுகள் மந்தமாயின. மூளையில் ஒரு குறையும் இல்லை, இதயம்தான் இடையிடையே வேலைநிறுத்தம் செய்திருக்கிறது. நெஞ்சில் தோலுக்கு அடியில் இதயத்தை நிற்காமல் துடிக்க வைக்கும் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். அதோடு மயக்கம் நின்றது. நோயாளிகளோடு வேலை செய்யலாம் என்று அனுமதியும் வந்தது.

திரும்பி வந்த முதல் நாள் விக் பைக்குள்தான் இருந்தது. "இருக்கட்டும், எதுக்கும்" என்றார். சில கிழமைகள் அது பையோடு வந்து பையோடு போனது. பிறகு வருவதை நிறுத்திவிட்டது. மேல்மாடி நிர்வாகப் பெண்மணி ஒருவர் அவர் தலையைப் பார்த்து, எவ்வளவு துணிச்சல் என்று பாராட்டினார். "வளருறது அது பாட்டுக்கு வளருது, எனக்கென்ன துணிச்சல்?" என்று கேட்டுவிட்டுக் கார்லீன் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவருடைய தாயார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அதற்குப் பிறகு போன் எடுத்து, கழுவுகிறதுக்கு என்ன ஷாம்பு என்று கேட்டாராம். எண்ணெய் மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன். வால்தம்ஸ்டோ தமிழ்க் கடை அண்ணை "தலைக்கோ, சமையலுக்கோ?" என்று கேட்டார். "எங்கட பெரியவவின்ர தலைக்கு" என்றேன்.

அறிவித்தலை நாங்கள் இரண்டு பேரும் புதிதாக எழுதினோம். கிறீம் விஷயத்தைச் சேர்த்தோம். தோல் தெரிகிற மாதிரி வரிப் பின்னலோடு வந்தால் அவிழ்க்கத் தேவையில்லை என்றும் சேர்த்தோம். எண்ணெய் விஷயம் அப்படியே இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னார் கார்லீன், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது அதெல்லாம் இல்லை. அவர் திரும்பி வந்த கிழமையில் ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, பயிலுநர்கள் வழக்கம்போல என்னைத் தேடி வந்தார்கள். நான் சலித்துக்கொண்டே கதிரைக்குப் போனால், அதில் கார்லீன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேசைக் கண்ணாடி அவர் முகத்துக்கு நேரே இருந்தது. "ராஜிக்கு இண்டைக்கு லீவு. ஆர் முதல்ல?" என்றார்.

யாரும் நகரவில்லை. கடைசியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் நாடாவோடு முன்னால் வந்தாள். மூக்குப் பள்ளத்தில் நுனியை வைத்தாள், சுருளுக்குள் விரலை விட்டுப் பிடரிப் புடைப்பைத் தேடினாள், தடவிக் கண்டுபிடித்தாள். காதில் இருந்து காதுக்கு அளந்தாள். சீப்பின் வாலால் மெல்ல வகிடு பிரித்து, நடு இடத்தில் சிவப்பு அடையாளம் போட்டாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று நான் எண்ணெய் தேய்த்தபோது போலவே கார்லீன் கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"இன்னொருக்கா."

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் போய் நாடாவை வாங்கி அளந்து பார்த்தேன். அவள் போட்ட அளவு சரியாகத்தான் இருந்தது. நாடாவை அவளிடம் திரும்பக் கொடுத்தேன்.